கல்யாண வீடியோவுக்கு ஆள் பேசப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

2019 ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், மதுரையில் மண்டபம். வீடியோவுக்கு மட்டும் 65,000 ரூபாய் பேசி, 40,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம். பென்டிரைவ் கைக்கு வந்தது தை மாதத்தில். வீடே டிவி முன்னால் உட்கார்ந்தது. முதல் ஆறு நிமிடம் மேடையில் கட்டியிருந்த பூக்கள் மெதுவாக அசைந்தன. அடுத்தது நலுங்கு. அப்பத்தா வாயசைக்கிறார், காதில் விழுவதோ சினிமாப் பாட்டு. அன்றைக்கு அவர் தொண்டையைத் திறந்து நலுங்குப் பாட்டு பாடியது தெருமுனை வரை கேட்டது. வீடியோவில் ஒரு வரிகூட இல்லை. கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் திரை முழுக்கப் பெரியப்பாவின் முதுகு. தாலி கட்டியதை மாப்பிள்ளையின் தோள் அசைவை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது.

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, நலுங்கின் அசல் சத்தமாவது கிடைக்குமா என்று கேட்டேன். "கார்டெல்லாம் அடுத்த பங்ஷனுக்கு அழிச்சாச்சுங்க சார்" என்றார்கள். அப்பத்தாவிடமே மறுபடி பாடச் சொன்னோம். "கல்யாணம் இல்லாத வீட்டுல நலுங்குப் பாட்டு பாடச் சொல்றியே, புத்தி இருக்காடா?" என்று விரட்டிவிட்டார்.

மூன்று வருடம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம் வந்தபோது, வீட்டின் முதல் கல்யாணத்தில் தெரியாமல் போனதையெல்லாம் விசாரித்து, நாலு கேமராக்காரர்களுடன் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டேன். முதன்முறையாக ஆள் பேசப் போகிறவர்களுக்காக அதை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. என்னென்ன வேண்டும் என்று முதலில் வீட்டுக்குள் பேசுங்கள்

ஸ்டூடியோவுக்குப் போனதும் 'கேண்டிட்', 'ட்ரெடிஷனல்', 'டீசர்', 'ஹைலைட்ஸ்', 'ஹெலிகேம்' என்று அடுக்குவார்கள். எது நமக்குத் தேவை என்று தெரியாமல் போனால் அவர்கள் விற்பதைத்தான் வாங்கி வருவோம். சுருக்கமாகச் சொன்னால், ட்ரெடிஷனல் என்பது சடங்குகளை வரிசையாக, விடாமல் எடுப்பது. கேண்டிட் என்பது சிரிப்பு, கண்ணீர், கூட்டத்தில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களை அங்கங்கே பொறுக்கி எடுப்பது. டீசர் ஒன்றிரண்டு நிமிடம், செல்போனில் எல்லோருக்கும் அனுப்ப. ஹைலைட்ஸ் கொஞ்சம் நீளம். ஹெலிகேம் என்பது மேலே பறந்து எடுக்கும் ட்ரோன் கேமரா. வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பது முழுநீள ட்ரெடிஷனல் வீடியோவைத்தான். கேண்டிட் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, "மாமா மாலை போட்டது எங்கே?" என்று பிறகு தேடாதீர்கள்.

பெரியவர்களை உட்கார வைத்துச் சடங்குப் பட்டியலை எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டில் காசி யாத்திரையும் ஊஞ்சலும் இருக்கும், இன்னொரு வீட்டில் தாய்மாமன் சீர்தான் பெரிது, தெற்கே போனால் குலவை இல்லாமல் எதுவும் தொடங்காது. கேமராக்காரர் வேறு ஊர்க்காரராக இருந்தால் உங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டியலில் தவறவே கூடாதவை ஐந்தாறை மட்டும் சிவப்பில் கோடிடுங்கள். பக்கத்திலேயே நேரத்தையும் யார் யார் வருவார்கள் என்பதையும் குறியுங்கள். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் வீடியோகிராபர் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தேவாலயத் திருமணம் என்றால் பீடத்துக்கு எவ்வளவு அருகில் கேமரா வரலாம் என்று பாதிரியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2. காலண்டரைப் பாருங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆகவே ஆவணி, தை, வைகாசி போன்ற மாதங்களின் சில முகூர்த்த நாட்களில் ஊரிலுள்ள அத்தனை மண்டபமும் நிரம்பும். அப்படிப்பட்ட நாளில் ஒரு ஸ்டூடியோ மூன்று, நான்கு கல்யாணங்களை ஒப்புக்கொள்வது சாதாரணம். சொந்த ஆட்கள் போதாதபோது தினக்கூலிக்குக் கேமராவோடு வரும் ஆட்களை அனுப்புவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். ஏசி அறையில் பேசிய உரிமையாளர் கல்யாணத்தன்று வரவில்லை. வந்த இரண்டு இளைஞர்களும் ஒருவரையொருவர் அன்று காலையில்தான் பார்க்கிறார்கள் என்பது இட்லி சாப்பிடும்போது தெரிந்தது. பையன்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

எடிட்டிங் தாமதத்துக்கும் இதே காலண்டர்தான் காரணம். சீசன் முழுக்க எடுத்துக் குவித்துவிட்டு, ஓய்வு கிடைக்கும் ஆடியிலும் மார்கழியிலும்தான் பலர் எடிட்டிங்கில் உட்காருகிறார்கள். "ஒரு மாசத்துல குடுத்துடுறோம்" என்று ஆவணியில் சொன்னால் மனதுக்குள் மார்கழி என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தேதியைக் காகிதத்தில் வாங்குங்கள்.

3. டீசரைப் பார்த்து மயங்காமல் ஒரு முழுக் கல்யாணத்தைப் பாருங்கள்

இதை மட்டும் செய்திருந்தால் எங்களுக்கு 65,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். இரண்டு நிமிட டீசர் என்பது பத்து மணி நேரத்தில் பொறுக்கி எடுத்த நல்ல துண்டுகள். பாட்டும் மெதுவான அசைவும் சேர்ந்தால் எதுவும் அழகாகத்தான் இருக்கும். "போன சீசன்ல எடுத்த ஒரு கல்யாணத்தோட முழு வீடியோ காட்டுங்க" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் வீட்டு விஷயம், வெளியே கொடுக்க முடியாது என்று சொன்னால் அது நியாயம்தான். அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

முழுவதும் பார்க்க வேண்டியதில்லை. தாலி கட்டும் இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துப் பாருங்கள். ஐயர் மந்திரம் கேட்கிறதா? கெட்டிமேளத்தில் சத்தம் பிளக்கிறதா? அட்சதை விழும்போது மணமக்கள் முகம் தெரிகிறதா, உறவினர் தலைகளா? பிறகு வரவேற்புக்குத் தாவுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா, மணப்பெண்ணின் முகம் ஊதா நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் மண்டப விளக்குகளின் சிமிட்டல் பெரும்பாலும் படத்தில் வராது. எல்இடி திரைக்கு அதற்கென்று தனி வேகம் உண்டு, முன்னால் நின்று பத்து விநாடி சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். இதெல்லாம் தெரிந்தவர் எடுத்த வீடியோவில் கோடு ஓடாது.

4. நேரில் வரப்போகிறவர் யார்?

"மண்டபத்துக்கு வர்றவங்க பேரும் நம்பரும் வேணும்" என்று கேளுங்கள். கிடைத்ததும் அவரிடமே பேசுங்கள். கேமராவின் மாடல் எண்ணைக் கேட்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. "தாலி கட்டும்போது நீங்க எங்க நிப்பீங்க?" என்ற ஒரே கேள்வி போதும். அனுபவஸ்தர் உடனே பதில் சொல்வார்: ஒரு கேமரா எதிரில் ஸ்டாண்டில் அகலமாக, அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்று கையில், ஐயருக்குப் பக்கவாட்டில், சொந்தக்காரர்களை ஒதுக்க உங்கள் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். "அதெல்லாம் அங்க வந்து பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், பெரியப்பாவின் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு கேட்கலாம். பழைய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் பதிவு செய்யாமல் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் எடுத்தால் அதை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி ஐரோப்பாவில் கூடுதல் சுங்கம் போட்டார்கள், அதற்காக வைத்த வரம்பு. அங்கே வைத்த வரி இங்கே முகூர்த்தத்தைக் கெடுக்கும் என்று யார் கண்டது! முகூர்த்தம் தொடங்கும் முன் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவாரா என்று கேளுங்கள். அடுத்தது, இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமராவா என்று கேளுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவானால் ஒரு கார்டு பழுதானாலும் கல்யாணம் மிஞ்சும்.

5. சத்தத்தைப் பற்றிப் பேசுங்கள்

யாரும் பேச மாட்டார்கள், நாமே தொடங்க வேண்டும். கேமராவில் உள்ள மைக் தன் பக்கத்தில் நடப்பதைத்தான் பிடிக்கும். மணமக்கள் மேடையில், கேமரா பத்தடி தள்ளி, நடுவில் தவில். மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு சின்ன ஒயர்லெஸ் காலர் மைக் குத்திவிட்டால் மந்திரமும், "கைய அப்படி வைங்க" என்ற ஐயரின் அதட்டலும், மணமக்கள் கிசுகிசுப்பதும் தெளிவாகக் கிடைக்கும். (குத்தியிருக்கிறது என்பதை மாப்பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்.) வாழ்த்துரை, கச்சேரி இருந்தால் மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்தே ஒரு ஒயர் எடுத்துத் தனியாகப் பதியலாம். அதற்கு மைக் செட்காரரும் வீடியோகாரரும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

ரெக்கார்டிங் அளவைத் தானியங்கியில் விட்டால் கெட்டிமேளத்தின்போது கேமரா திடீரென்று சத்தத்தை அமுக்கும், அடுத்த சில விநாடிகள் மந்திரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். கையால் அளவு வைக்கச் சொல்லுங்கள்.

2022 வைகாசியில் தம்பியின் நலுங்கின்போது அப்பத்தாவின் சேலைத் தலைப்பில் காலர் மைக்கைக் குத்தினோம். பதிவின் முதல் குரலே "என்னடா இது பூச்சி மாதிரி?" என்பதுதான். பிறகு பாட்டு, பதினோரு நிமிடம், இடையில் இரண்டு முறை இருமல். எடிட்டரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம்: நலுங்கு, கன்னிகாதானம், முகூர்த்தம் மூன்றிலும் பாட்டு போடக் கூடாது, அசல் சத்தம் மட்டுமே.

6. காகிதத்தில் எழுதுங்கள்

பத்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம், இரு தரப்பும் கையெழுத்து. எங்கள் காகிதத்தில் இருந்தவை ஏறக்குறைய இப்படி:

"வெள்ளி மாலை 4 மணி முதல் சனி மதியம் 1 மணி வரை. கேமரா இரண்டு, ஆட்கள் மூன்று பேர், பெயர்கள் இவை. இவர்களில் யாராவது வர முடியாவிட்டால் இரண்டு நாள் முன்பே சொல்லி, மாற்று ஆளை எங்களோடு பேச வைக்க வேண்டும். முழுநீள வீடியோ, ஹைலைட்ஸ், டீசர் மூன்றும் இந்தத் தேதிக்குள். திருத்தம் இரண்டு முறை இலவசம். எடிட் செய்யாத பதிவுகள் அனைத்தும் எங்களுக்கு. இறுதி வீடியோவை நாங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை உங்களிடமுள்ள நகலை அழிக்கக் கூடாது. எங்களைக் கேட்காமல் சமூக வலைத்தளங்களில் போடக் கூடாது."

எடிட் செய்யாத பதிவைத் தர மறுப்பவர்கள் உண்டு. "எங்க வேலையோட அசிங்கமான பக்கத்தைக் காட்டுற மாதிரி சார்" என்றார் ஒருவர், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். "மாறான ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்டூடியோ நீட்டும் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் உரிமை அவர்களுடையது என்று இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் திருப்பிப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கடைசித் தவணை கையில் இருக்கும் வரைதான் நம் போனை எடுப்பார்கள். முன்பணம் கால் பங்கு, கல்யாணத்தன்று பாதி, மீதி கால் பங்கு முழு வீடியோ வந்த பிறகு என்று பேசினோம். ஆட்களுக்கு அன்றே கூலி கொடுக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கும் உண்டு, அதனால் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுவது நடக்காத காரியம். 18 சதவீத ஜிஎஸ்டி பேசிய தொகைக்குள் அடக்கமா, மேலேயா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஹெலிகேம் பற்றி ஒரே பத்தி. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டும், ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டை மண்டபங்களில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். என் சொந்தக் கருத்து: மண்டபத்துக் கூரையை மேலிருந்து பார்க்க யாரும் ஆசைப்படுவதில்லை. அந்தக் காசில் இன்னொரு மைக் வாங்கச் சொல்லுங்கள்.

7. அன்றைய நாள்

முதல் நாள் வரவேற்பு முடிய இரவு பதினொன்று ஆகும், முகூர்த்தம் காலை நாலரைக்கு இருக்கும். கேமராக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்புவார் என்று நம்பாதீர்கள். மண்டபத்திலேயே ஓர் அறை, பேட்டரி ஏற்ற இரண்டு பிளக், காலையில் காபி. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கும் கூப்பிடுங்கள். கடைசிப் பந்தி வரை பசியோடு நிற்கும் ஆள் நல்ல படம் எடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வீட்டு ஆள் ஒருவரைக் கேமராக்காரரோடு ஒட்டவைக்க வேண்டும். மணமக்களின் அப்பா, அம்மா, அண்ணன் வேண்டாம், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எல்லோரையும் அறிந்த, சத்தமாகப் பேசக்கூடிய ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ போதும். "இவங்கதான் பொண்ணோட தாய்மாமா" என்று காட்டிக்கொடுப்பதும், "எல்லாரும் கொஞ்சம் ஒதுங்குங்கப்பா" என்று கத்துவதும்தான் அவர் வேலை. ஐயரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தாலியை ஒரு விநாடி உயர்த்திக் காட்டிவிட்டுக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

8. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் நகல்

கார்டு அழிந்தால் அடுத்த வாய்ப்பு இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கி வையுங்கள். எவ்வளவு இடம் வேண்டும்? விநாடிக்கு 50 மெகாபிட் (Mbps) வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் என்றால் 360 ஜிபி, ஒரு டெராபைட் (1,000 ஜிபி) டிஸ்க் தாராளம். 100 மெகாபிட் வேகத்தில், இன்னும் துல்லியமான 4கே தரத்தில் எடுப்பவர் என்றால் இதன் இரு மடங்கு. சாதாரண யுஎஸ்பி 3 டிஸ்க்கில் 360 ஜிபி ஏற ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் முடிந்துவிடும். ஏறியதும் நாலைந்து கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

9. எடிட்டிங்குக்குக் கொடுக்கும்போது

பெயர்களைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். தங்கை வீடியோவில் சம்பந்தியின் பெயரைப் பிழையாகப் போட்டு, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பாட்டு வேண்டிய இடம், வேண்டாத இடம், தவறவே கூடாத முகங்கள், இவை ஒரு தாளில். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதற்கென்று சினிமாப் பாட்டு இல்லாத ஒரு பிரதி கேளுங்கள். கல்யாண வீட்டில் பாட்டு ஒலிபரப்புவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கு யூடியூபுக்கு நீளாது, சத்தத்தையே முடக்கிவிடக்கூடும். திருத்தங்களைப் போனில் சொல்லாமல் நிமிடம், விநாடி குறித்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

10. இவ்வளவு செய்தும் ஏமாந்தால்

முதலில் எழுத்தில் கேளுங்கள்: என்ன பேசினோம், என்ன வந்தது, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், ஸ்டூடியோ இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கையில் ஒப்பந்தக் காகிதம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வந்த வீடியோ நான்கும் இருக்கட்டும்.

எங்களிடம் 2019இல் இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும். "கல்யாண விஷயத்துக்குப் போயி கேஸ் போடுவாங்களா?" என்று அப்பா வேறு தடுத்துவிட்டார். ஆனாலும் நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி ஸ்டூடியோ உரிமையாளருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். நான்காம் நாள் 10,000 ரூபாய் ஜிபேயில் திரும்பி வந்தது. குறிப்பில் 'ஹேப்பி மேரீட் லைஃப்' என்று போட்டிருந்தார்.